மைசூரில் தூண்டில் மீன்பிடிப்பு: சிக்கனமான கோலும் ரீலும் நரம்பும்

மைசூரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் பாசனக் கால்வாய்களிலும் காவிரி, கபினி ஆறுகளிலும் பொழுதுபோக்குக்காகவோ வீட்டுக் குழம்புக்காகவோ தூண்டில் போடுகிறவர்கள் குறைந்த செலவில் நல்ல கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது இக்கட்டுரை. இங்கே சட்டப்படி பிடிக்கக்கூடிய மீன்களில் பெரும்பாலானவை அரைக் கிலோவிலிருந்து நான்கைந்து கிலோ வரை இருப்பவை. அவற்றுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கையிலுள்ள தொகை சிறிதாக இருந்தால் மீனோடு நேரடியாகப் போராடும் மூன்றுக்கு அதை முதலில் ஒதுக்க வேண்டும்: முள், நரம்பு, ரீலில் டிராக் என்னும் பிரேக். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கோல். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான கோலை வாங்கிவிட்டு, கடைக்காரர் இலவசமாகச் சுற்றிக் கொடுக்கும் நரம்போடு ஏரிக்குப் போகிறார்கள்.

பின்னணி

கன்னட நாட்டில் தூண்டில் ஓர் அரசவைக் கலையாகவே இருந்திருக்கிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலில் மீன்பிடி விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. மீன் வகைகளையும் அவற்றுக்கான இரைகளையும் அது விவரிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றி எழுதிய நூல் 1873இல் மங்களூரில் வெளிவந்தது. மகசீர் என்ற பெருங்கெண்டையைத் தூண்டில்காரர்களின் உலகத்துக்குப் பரவலாக அறிமுகப்படுத்திய நூல் அது.

மகசீர் வரலாற்றில் மைசூரின் பெயர் நிலைத்தது 1946இல். நகரின் புகழ்பெற்ற விலங்குப் பாடம் செய்யும் நிறுவனத்தை நடத்திய வான் இங்கன் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன் அந்த ஆண்டு மார்ச்சில் கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். 1970களின் பிற்பகுதியில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் காவிரிக்குத் திரும்பினர். பின்னர் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பரிசலில் போய், வேகவைத்த கேழ்வரகு மாவு உருண்டையை இரையாக்கி, பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். இரவில் கரையோரம் காத்திருந்து வலையும் வெடியும் வைப்பவர்களைத் தடுத்ததும் இந்த முகாம்கள்தான். காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதை 2010களின் தொடக்கத்தில் அரசு நிறுத்தியது.

காவிரியின் அந்தப் பெரிய மகசீர் தோர் ரேமாதேவி என்ற இனத்தைச் சேர்ந்தது என்று 2018இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். அதே ஆண்டு அது மிக அருகிவிட்ட இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. காவிரி வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. ஆகவே ஐம்பது கிலோ மீனை நிறுத்தும் பெரிய ரீலும் தடித்த கோலும் மைசூரில் இப்போது வரலாற்றுப் பொருட்கள். ஆனால் பெரிய மகசீரோடு நிற்பவர்களின் பழைய படங்களின் தாக்கத்தில் இன்றும் பலர் கடல்மீன் பிடிக்கும் கனமான கோலையும் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பையும் வாங்கி, கால் கிலோ ஜிலேபி மீனுக்காக ஏரிக்கரையில் உட்காருகிறார்கள். கோலின் கனத்தில் மீன் கடிப்பதே கைக்குத் தெரியாது.

எங்கே, எந்த மீன்

கருவியை முடிவு செய்வது தண்ணீர்தான். ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயம், காவிரிச் சரணாலயம், பந்திப்பூர், நாகரஹொளே ஆகிய காப்புப் பகுதிகளில் கோலை விரிக்கவே கூடாது. நகருக்குள் உள்ள குக்கரஹள்ளி ஏரி மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலும் காரஞ்சி ஏரி விலங்குக்காட்சிச் சாலையின் பொறுப்பிலும் இருக்கின்றன. அவை பறவைகளுக்கு விட்டுவைக்க வேண்டிய நீர்நிலைகள். கிராமத்து ஏரிகள் பலவற்றின் மீன் உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரர்களுக்கோ உரியது. குஞ்சு விட்டு வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொல்லும் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு உட்காருவதுதான் முறை. கண்ணம்பாடி அணைத் தேக்கம், கபினித் தேக்கம் போன்ற பெரிய நீர்ப்பரப்புகளுக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றில் கிடைப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிருகால், சாதாக் கெண்டை, ஜிலேபி என்று மக்கள் சொல்லும் திலேப்பியா, கெளுத்தி, விரால். கெண்டை வகைகளுக்கு மாவும் புண்ணாக்கும் கேழ்வரகுக் களியும் போதும். ஜிலேபிக்கு மண்புழு. விராலுக்கு மட்டும் கதை வேறு. அது தாமரை இலைக்கும் கோரைப்புல்லுக்கும் நடுவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும் மீன். ரப்பர் தவளையை நீர்ப்பரப்பில் இழுத்து அதைப் பிடிப்பார்கள். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீரின் மேல் குமிழியிட்டுத் திரிந்தால் அதன் கீழே பெற்ற மீன் காவல் நிற்கிறது என்று பொருள். அந்த இடத்தில் தவளையை வீசக் கூடாது. பெரிய மீன் போய்விட்டால் அத்தனை குஞ்சுகளும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ரீலில்லாத கோல்

மிகக் குறைந்த செலவுத் தூண்டில் இன்றும் மூங்கில் கோல்தான். பம்பூ பஜார் என்றே ஒரு பகுதியுள்ள ஊரில் நேரான, முதிர்ந்த மூங்கில் கிடைப்பது கடினமல்ல. பத்து, பன்னிரண்டு அடி நீளமும் நுனியில் சுண்டுவிரலை விட மெலிவும் வேண்டும். பச்சை மூங்கிலை நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தால் எடை குறையும், வளைந்துகொள்ளாது. கோலின் நீளத்துக்கே நரம்பு, ஒரு தக்கை, ஒரு சிறு ஈயம், ஒரு முள். நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல் கோலின் மேல் மூன்றடிக்குச் சுற்றிக் கட்டுவது பழக்கம்; நுனி முறிந்தாலும் மீன் போகாது. குழந்தைக்குத் தூண்டில் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கரையிலிருந்து நான்கு மீட்டருக்குள் ஜிலேபியும் சிறு கெண்டையும் நிறையவே மேய்கின்றன.

கோல்

தூரம் வீச வேண்டுமானால் ரீல் கோல் வேண்டும். கடைகளில் கண்ணாடி இழை, கார்பன், இரண்டும் கலந்தது என மூன்று வகை கிடைக்கும். கார்பன் இலேசானது, நுண்ணிய கடியையும் கைக்குச் சொல்லும், ஆனால் ஓரத்தில் அடிபட்டால் எச்சரிக்கையில்லாமல் முறியும். கண்ணாடி இழை சற்றுக் கனம். ஆனால் பைக்கில் கட்டிக்கொண்டு போனாலும் கதவிடுக்கில் மாட்டினாலும் தாங்கும். சிக்கனம் பார்ப்பவருக்குக் கண்ணாடி இழையோ கலப்போ போதும். ஆறரையிலிருந்து ஏழடி நீளம், இரண்டு துண்டாகப் பிரியும் அமைப்பு, கைப்பிடிக்கு மேல் 10 முதல் 30 கிராம் வரை வீசலாம் என்ற குறிப்பு: மைசூர் ஏரிகளுக்கு இந்த ஒரு கோலே எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும்.

குடைக் கம்பி போல உள்ளடங்கும் கோல்கள் பயணத்துக்கு வசதியானவை, விலையும் குறைவு. அவற்றின் மூட்டுகளில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும், வளையங்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. பேருந்தில் போகிறவருக்கு அது ஏற்கத்தக்க குறை. சொந்த வண்டி உள்ளவர் இரண்டு துண்டுக் கோலையே எடுக்கட்டும்.

வாங்கும்போது வளையங்களின் உட்புறத்தில் சிறிது பஞ்சைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். இழை மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். கோலின் முனையைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெல்ல வளைத்தால் வளைவு ஒரே சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் வேண்டாம்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கால்வாய்க் கரையிலும் வயலோரத்திலும் தாழ்வாக ஓடும் மின்கம்பிகளுக்குக் கீழே கோலை உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. ஈரமான கோல் எதுவாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு விலக வேண்டும்.

ரீல்

இன்று எங்கும் காணும், சுருள் சுழலாமல் நரம்பு மட்டும் உருவி ஓடும் ரீலின் மூலவடிவத்துக்கு இங்கிலாந்தின் ஆல்பிரட் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் நூற்பாலைத் தொழிலில் இருந்தவர். புதியவர் கையிலும் சிக்கல் விழாமல் நரம்பு ஓடுவது இந்த அமைப்பின் பெரிய நன்மை. மேலே உட்காரும் பெய்ட்காஸ்டர் ரீலைப் பழகாத கை வீசினால் நரம்பு பறவைக்கூடு போல் பின்னிக்கொள்ளும். முதல் ரீலாக அதை வாங்க வேண்டாம்.

அளவு 2500 அல்லது 3000 எனக் குறித்திருப்பது போதும். ஷிமானோ, டைவா, ஒகுமா, ஆபு கார்சியா போன்ற நிறுவனங்கள் எல்லாமே தங்கள் வரிசையின் அடிமட்டத்தில் மலிவான ரீல்களை வைத்திருக்கின்றன. பெட்டியின் மேல் பன்னிரண்டு, பதின்மூன்று பேரிங் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயர் தெரியாத ரீலைவிட, மூன்று நான்கு பேரிங் உள்ள இவற்றின் அடிமட்ட ரீல் நீண்ட நாள் உழைக்கும். எண்ணிக்கை அல்ல, பல்சக்கரம் எந்த உலோகம், உடல் எவ்வளவு இறுக்கம் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. பழுதானால் உதிரி கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

டிராக் என்பது மீன் ஓரளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். திருகை நடுநிலையில் வைத்து நரம்பைக் கையால் மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டே வர வேண்டும். வெட்டி வெட்டி வந்தால் பெரிய ரோகு முதல் ஓட்டத்திலேயே நரம்பை அறுத்துவிடும். கைப்பிடியைப் பின்புறமாக அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. நரம்பு படும் சிறு உருளை விரலால் தள்ளினால் உருள வேண்டும். இந்த மூன்றிலும் தேறினால் ரீலின் நிறமும் பெயரும் பொருட்டல்ல.

நரம்பு

செலவுக் கணக்கில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நைலான் 1938இல் உலகுக்கு அறிவிக்கப்படும் முன்பு பட்டு, பருத்தி, சணல்நாரிழை என்று பலவும் நரம்பாக இருந்தன. பட்டு நரம்பை ஒவ்வொரு முறையும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். இன்றைய சாதாரண நைலான் இழை, தமிழகக் கடற்கரையில் தங்கூசி என்று சொல்வது, அவை எல்லாவற்றையும் விட மேலானது. அதிலும் தரத்தில் பெரும் வேறுபாடு உண்டு.

சுருளின் மேல் எழுதியிருக்கும் கிலோவை நம்பக் கூடாது, விட்டத்தைப் பார்க்க வேண்டும். 0.30 மி.மீ. சாதா நைலான் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ வரைதான் தாங்கும். அதே விட்டத்துக்கு 15 கிலோ என்று எழுதியிருந்தால், ஒன்று விட்டம் பொய், இல்லை கிலோ பொய். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 0.30, ஜிலேபிக்கு 0.20 முதல் 0.25 வரை எடுத்தால் நிறைவு. தெரிந்த நிறுவனத்தின் நூறு மீட்டர் சுருள், பெயரற்ற முந்நூறு மீட்டர் சுருளைவிட எப்போதும் நல்ல பேரம்.

ஏரியில் யாரும் ஐம்பது மீட்டருக்கு மேல் வீசுவது அரிது. ரீலின் அடிப்பகுதியில் மலிவான பழைய நரம்பை நிரப்பி, அதன் மேல் நல்ல நரம்பு எழுபது, எண்பது மீட்டர் சுற்றிக்கொண்டால் போதும். தண்ணீரையே காணாத நரம்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சுருளின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரம்பியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் வீச்சு குறையும், அதிகமானால் வளையம் வளையமாகக் கொட்டும். ஒரு பருவம் முடிந்ததும் மேல் நரம்பைத் தலைமாற்றிச் சுற்றினால், அடியில் புதிதாகவே இருந்த பாதி மேலே வந்துவிடும்.

பின்னல் நரம்பு மெல்லியது, வலிமை மிக்கது, நீளாது, விலை அதிகம். கெண்டை பிடிப்பவருக்கு அது தேவையே இல்லை. நைலான் நீள்வது மீனின் உதறலைத் தாங்கும் நன்மை. விராலுக்கு மட்டும் பின்னல் நரம்பு நியாயமான செலவு. முள் குத்தியதும் விரால் தண்டுகளுக்குள் புகும், அங்கிருந்து அதை இழுத்து வெளியே கொண்டுவர 30 முதல் 40 பவுண்டு பின்னல் வேண்டும். வெறுங்கையால் அதைப் பிடித்து இழுத்தால் தோலை அறுக்கும்.

அறுந்த நரம்பை ஏரிக்கரையில் விடக் கூடாது. கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் மைசூர் ஏரிகளில் கூட்டமாக இரை தேடுகின்றன. காலிலும் இறகிலும் சுற்றிய நைலானை அவற்றால் அவிழ்க்க முடியாது, பட்டினியிலேயே சாகின்றன. சட்டைப்பையில் ஒரு காலி டப்பா வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துவர வேண்டும்.

முள்ளும் முடிச்சும்

முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும்: 10ஆம் எண் ஜிலேபிக்கு, 4 முதல் 6 வரை ரோகுவுக்கு. 1/0, 2/0 என்று எழுதத் தொடங்கிய பின் எண் கூடினால் அளவும் கூடும்; விராலுக்கு இந்த வரிசை. முனையை நகத்தின் மேல் சாய்த்து இழுத்தால் வழுக்காமல் பற்ற வேண்டும். நார்வேயின் மஸ்டாட் போன்ற நல்ல முட்கள் ஒரு சிறு பொட்டலம் வாங்குவதற்கு ஆகும் செலவு, ஏரிக்கரையில் ஒரு டீக்கும் பன்னுக்கும் ஆவதை விடச் சற்றுத்தான் அதிகம். மீனைத் திரும்ப விடும் எண்ணமிருந்தால், குறிப்பாக ஆற்றில் மகசீர் தவறி மாட்டும் வாய்ப்பிருந்தால், முள்ளின் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும்.

எந்த நரம்பும் முடிச்சில்தான் முதலில் அறும். பாலோமர் முடிச்சு எளிதானது, வலுவானது: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, சாதா முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, மடிப்பின் வளையத்துக்குள் முள் முழுவதையும் விட்டு எடுத்து இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நைலான் உராய்வின் சூட்டில் வலு இழக்கும்.

தொகையைப் பங்கிடல்

கையில் மூவாயிரம் ரூபாய் இருப்பதாகக் கொண்டால் ஏறத்தாழ பாதியை ரீலுக்கும், எண்ணூறு, ஆயிரத்தைக் கோலுக்கும், மீதியை நரம்பு, முள், ஈயம், தக்கைக்கும் ஒதுக்குவது பொருத்தம். ஆயிரம் மட்டுமே இருந்தால் மலிவான ரீலைத் தேட வேண்டாம். மூங்கில் கோலும் நல்ல நரம்பும் நல்ல முள்ளும் வாங்கிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துவைக்கலாம். கோலும் ரீலும் நரம்பும் சேர்த்த பொட்டலங்கள் கடையில் கவர்ச்சியாக இருக்கும். அவற்றின் கோலும் ரீலும் பெரும்பாலும் ஓராண்டு ஓடிவிடும்; நரம்பை மட்டும் வாங்கிய அன்றே உருவிப் போட்டு மாற்ற வேண்டும்.

பழைய ரீல் வாங்குவது தவறல்ல, ஏரித் தண்ணீரில் மட்டும் உழைத்ததாக இருந்தால். கடலில் உழைத்த ரீலில் உப்பு உள்ளே புகுந்து பேரிங்கைத் தின்றிருக்கும், வெளியே தெரியாது. கைப்பிடியைச் சுற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் அதுதான் அடையாளம். பழைய கோலில் வளையங்களின் அடியில் கட்டியிருக்கும் நூலையும், இரண்டு துண்டுகளும் சேரும் மூட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஏரியிலிருந்து வந்ததும் ரீலை ஈரத்துணியால் துடைத்து, டிராக் திருகைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் உள்ளிருக்கும் தட்டுகள் நசுங்காது, நைலானும் சீக்கிரம் மொடமொடத்துப் போகாது. மறுமுறை புறப்படும்போது தொங்கு தராசு ஒன்றில் நரம்பின் முனையை மாட்டி டிராக்கைச் சரிசெய்துகொள்ளலாம்: நரம்பு தாங்கும் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, ஆறு கிலோ நரம்புக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவில் அது நழுவத் தொடங்க வேண்டும்.