மேலூருக்கு வந்த 35 கிலோபிட்

கிராமத்து இணையம்னு பேச்சு வந்தாலே எல்லாரும் வேகத்தைப் பத்திதான் பேசுறோம். நகரத்துல இத்தனை மெகாபிட், கிராமத்துல இத்தனைன்னு ஒரு பட்டியல் போட்டா விவாதம் முடிஞ்சுது. ஆனா மதுரைப் பக்கத்துல நடந்த ரெண்டு முயற்சிகளைப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு. கொஞ்சம் பழங்கதை, பொறுமையா படிங்க.

இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமா. அதுவும் பெருநகரங்கள்ல மட்டும், தொலைபேசிக் கம்பி வழியா. கிராமத்துக்கோ கம்பியே ஒழுங்கா போகலை. வீட்டுக்கு வீடு செம்புக்கம்பி இழுக்குற செலவு யாருக்கும் கட்டுப்படியாகலை.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் இருந்த டெநெட் குழு இந்த இடத்துலதான் கை வைத்தது. ஐரோப்பாவுல வீட்டுக்குள்ள கம்பியில்லாத் தொலைபேசிக்குப் பயன்பட்ட டெக்ட் தொழில்நுட்பத்தை எடுத்து, மைதாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து 'கார்டெக்ட்' அமைப்பை உருவாக்கினாங்க. தாலுகா தலைநகர் வரைக்கும் ஏற்கனவே ஃபைபர் வந்திருந்தது. அங்கே ஒரு கோபுரம், கிராமத்து வீட்டுக் கூரையில் ஒரு ஆன்டெனா. நேர்ப்பார்வை இருந்தா சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். நடுவுல ஒரு ரிலே வச்சா 25 வரைக்கும் போகும். வேகம்? 70 கிலோபிட். அதே நேரத்துல யாராவது ஃபோன் பேசினா 35. சிரிக்காதீங்க, அப்போ நகரத்து டயல்-அப்பும் காகிதத்துல 56தான் :-)

இதை வச்சு 2001ல் மேலூர் வட்டாரத்துல ஒரு திட்டம் ஆரம்பிச்சது. ஐஐடியோட எம்ஐடி, ஹார்வர்ட், என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்தது. திட்டத்தோட பேரு சுருக்கமா 'சாரி' (மன்னிப்பு கேட்கலைங்க, நிஜமாவே அதான் பேரு). உள்ளூர்க்காரர் ஒருத்தர் கடன் வாங்கி கிராமத்துல மையம் நடத்துவார். கணினி, பிரிண்டர், வெப்கேமரா, பேட்டரி, ஆன்டெனா எல்லாம் சேர்த்து சுமார் 50,000 ரூபாய்.

ஜனங்க எதுக்கு வந்தாங்க? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு. இதுக்கெல்லாம் தாலுகா ஆபீசுக்குப் போனா பஸ் காசும் போகும், அன்னைக்குக் கூலியும் போகும். "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டா மறுநாள் கூலியும் போச்சு. மனு மையத்துல இருந்தே போனா அந்த அலைச்சல் மிச்சம். இன்னொண்ணு கண். வெப்கேமராவுல கண்ணைப் படம் பிடிச்சு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சல்ல அனுப்பினாங்க. 100 கிலோபைட் படம் 35 கிலோபிட்ல போக கணக்குப்படி 23 விநாடிதான். அதுக்கு பிராட்பேண்ட் எதுக்கு?

ஆனா சில வருஷத்துலயே மையங்கள்ல பெரும்பாலானவை மூடிட்டாங்க. வருமானம் கடனுக்கே பத்தலை, ரிப்பேர் ஆனா பார்க்க ஆள் இல்லை. ஆர்வமா இருந்த அதிகாரிகள் மாறிப் போனதும், பின்னாடி வந்தவங்ககிட்ட அந்த ஆர்வம் இல்லை. மனு போய்ச் சேரும், எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. இணைப்பு அறுந்தது காத்துல இல்லைங்க, ஆபீஸ் மேஜையில.

அடுத்த முயற்சி தேனியில். அங்கேயுள்ள அரவிந்த் மருத்துவமனையையும் சுத்துப்பட்டு ஊர்களோட கண் பரிசோதனை மையங்களையும், பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவர் குழு சாதாரண வைஃபை கருவிகளை வச்சே இணைச்சது. வைஃபை வீட்டுக்குள்ள ஓடுறதுக்குன்னு செஞ்சது. அனுப்பின தகவலுக்கு 'வந்து சேர்ந்தது'ன்னு பதில் வர சில பத்து மைக்ரோ விநாடிகள்தான் காத்திருக்கும். ரேடியோ அலைக்கு ஒரு கிலோமீட்டர் கடக்கவே 3.3 மைக்ரோ விநாடி ஆகும். தூரம் கூடக்கூட, பதில் வர்றதுக்குள்ள கருவி "தொலைஞ்சு போச்சு"ன்னு முடிவு பண்ணி மறுபடி அனுப்பும். அதனால ஒவ்வொரு முனைக்கும் முறை வச்சு, நேரம் ஒதுக்கிப் பேச வச்சாங்க. சில மெகாபிட் வேகம் கிடைச்சது. மருத்துவர் நோயாளியோட முகம் பார்த்தே பேச முடிஞ்சது.

இதைப் பத்தி அவங்க 2008ல் எழுதின ஆய்வுக் கட்டுரையை நெட்வொர்க்கிங் படிக்கிற யாரும் தவற விடக்கூடாது. அவங்களைப் பாடாய்ப் படுத்தினது நம்ம ஊர் கரெண்ட்! ஏறி இறங்குற வோல்டேஜ்ல கருவிகள் கருகிப் போயிருக்கு. அதுக்குத் தனியா மின்சுற்று செஞ்சாங்க. பழுது பார்க்க உள்ளூர் ஊழியர்களைப் பழக்கினாங்க.

மேலூர் மையங்களுக்கு நடந்தது இங்கே நடக்கலை. அரவிந்துக்கு இந்த மாதிரி மையங்கள் இன்னைக்கு 100க்கு மேல. காரணம் வேகம் மட்டும்னு நான் நினைக்கலை. இணைப்போட ரெண்டு முனையும் ஒரே நிறுவனத்தோட பொறுப்பு. இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஊழியர், அந்தப் பக்கம் காத்திருக்கும் மருத்துவர்.

அரசாங்கக் கணக்குல பிராட்பேண்ட்னா 2004ல் 256 கிலோபிட், 2013ல் 512, 2023ல் 2 மெகாபிட். ஊராட்சிக்கு ஊராட்சி ஃபைபர்ங்கிற திட்டத்துக்கு 2011ல் ஒப்புதல் கிடைச்சது. 2015ல் அதுக்கு பாரத்நெட்னு பேர் மாத்தினாங்க. 2016ல் ஜியோ வந்த பிறகு கிராமத்துக் கையிலயும் வேகம் வந்தாச்சு. வேகம் வேண்டாம்னு சொல்லலை. முகம் பார்த்துப் பேச 35 கிலோபிட் பத்தாதுதான். ஆனா பென்ஷன் மனு போட்ட கிழவிக்கு 35 கிலோபிட்டும் ஒண்ணுதான், 100 மெகாபிட்டும் ஒண்ணுதான், அந்த மனுவைத் திறந்து பார்க்க மறுமுனையில் ஒரு ஆள் இல்லைன்னா.

உங்க ஊர்ப்பக்கம் இந்த மாதிரி மையம் இருந்துச்சா? என்ன ஆச்சு? தெரிஞ்சவங்க எழுதுங்க.