இணைத்த படமும் உண்மையும்

பல நிழற்படங்களை இணைத்து ஒரு படமாக்கும் கலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பார், 30-க்கும் மேற்பட்ட நெகடிவ் தகடுகளைப் பகுதி பகுதியாக மறைத்து அச்சிட்டு, ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படத்தை ஆக்கினார். மறு ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன், 5 தகடுகளை இணைத்து, நோயுற்று மடியும் இளம்பெண் ஒருத்தியைக் காட்டினார். கண்டோர் பலர் வெகுண்டனர். ஓவியத்தில் பொறுத்த துயரத்தை நிழற்படத்தில் அவர்கள் பொறுக்கவில்லை. ஏன்? நிழற்படத்தைக் கண்கண்ட சாட்சியாகவே கருதினர். உண்மையில் அப்பெண் நோயாளி அல்லள், நடித்தவளே. 1990-இல் போட்டோஷாப் வெளிவந்தபின் இக்கைத்திறன் எளிதாயிற்று; வினாவோ பழையதே. இணைத்ததை இணைத்ததென்று சொன்னால் அது கலை. நடந்ததென்று சொன்னால் பொய். படத்தைப் பார்க்குமுன் இதனை மறவாதீர்கள்.