காந்தியின் நடையும் இரத்த அழுத்தமும்

மதுரையில் இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியதும் இதே நகரில்தான். அன்று முதல் உலகம் கண்ட அந்த மெலிந்த, ஓயாமல் நடக்கும் உடலுக்குள் உயர் இரத்த அழுத்தம் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

பதிவான அளவுகள்

1930இல் சபர்மதியிலிருந்து தண்டி வரை ஏறத்தாழ 390 கி.மீ. தொலைவை 24 நாட்களில் நடந்து கடந்தபோது காந்திக்கு வயது 60. நாள்தோறும் சுமார் 18 கி.மீ. நடப்பவர் அவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட தொகுப்பின்படி அவரது எடை 46.7 கிலோ மட்டுமே. அதே தொகுப்பில் அவரது இரத்த அழுத்தம் 1937 அக்டோபர் 26 அன்று 194/130 எனவும், 1940 பிப்ரவரி 19 அன்று 220/110 எனவும் பதிவாகியுள்ளது.

உடல் பருமன் இல்லை, நடைக்கும் குறைவில்லை. வயது, மரபு போன்ற காரணங்கள் எவருக்கும் உண்டு. ஆனால் 1935ஆம் ஆண்டின் இறுதியில் உடல்நலம் குலைந்து ஓய்வெடுக்க நேர்ந்தபோது, காந்தி தன் மனத்தையே காரணமாகக் கண்டார். நாட்டின் சிக்கல்களில் பற்றற்று இருக்கத் தவறிவிட்டதாக 1936இல் ‘ஹரிஜன்’ இதழில் தன்னையே குறைசொல்லி எழுதினார்.

உடலில் நிகழ்வது என்ன?

நடக்கும்போதோ ஓடும்போதோ இதயம் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு உயர்கிறது. அதே வேளையில் தசைகளுக்குச் செல்லும் சிறு தமனிகள் விரிந்து வழிவிடுவதால் கீழ் அளவு பெரிதாக மாறுவதில்லை. பயிற்சி முடிந்த பின் சில மணி நேரம் வரை அழுத்தம் முன்னிருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாதக்கணக்கில் நீடிக்கும் கவலை இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. பரிவு நரம்பு மண்டலம் ஓய்விலும் விழிப்பாகவே இருக்கிறது. அட்ரினலின், நார்அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவை மிகுகின்றன. தமனிகள் தேவையான அளவு விரிய மறுக்கின்றன. நாளடைவில் அவற்றின் சுவர்கள் தடிக்கவும் கூடும். இதனால் அதே தொலைவு நடந்தாலும் அழுத்தம் அதிகமாக ஏறி, தாமதமாக இறங்குகிறது. கடும் பயிற்சியின்போது மேல் அளவு ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190 மி.மீ. பாதரசத்தை எட்டுவது மிகை உயர்வாகக் கருதப்படுகிறது. ஓய்வில் அளவு சரியாக இருப்பவருக்கும் இது பிற்கால நோயின் முன்னறிகுறி ஆகலாம்.

சர்ப்பகந்தா தந்த விளக்கம்

காந்தி எடுத்துக்கொண்ட மருந்துகளுள் ஒன்று சர்ப்பகந்தா. இந்த மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1931இல் சென், போஸ் என்ற இந்திய மருத்துவர்கள் எழுதினர். 1949இல் மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை அதை உலகறியச் செய்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. பரிவு நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை வற்றச் செய்வதே அதன் வேலை. மனக்கலக்கத்தைத் தணித்த அதே மருந்து இரத்த அழுத்தத்தையும் இறக்கியது. இரண்டுக்கும் பொதுவான நரம்பு வழி ஒன்று உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் அம்மருந்தின் பயன்பாடு இன்று அருகிவிட்டது.

இன்றைய பொருத்தம்

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் மதுரை மைதானங்களில் ஓடும் இளைஞர்கள் பலர், முந்தைய இரவு போதிய உறக்கமின்றிப் படித்தவர்கள். ஓட்டம் இதயத்திற்கு நல்லது. தொடர்ந்து நடப்பவரின் இரத்த அழுத்தம் சில புள்ளிகள் குறைவதும் உண்மை. ஆனால் உறக்கமின்மையையும் தீராத கவலையையும் ஓட்டத்தால் மட்டும் ஈடுகட்ட இயலாது. ஓய்விலேயே 180/110 அல்லது அதற்கு மேல் காட்டினால், கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

திங்கட்கிழமைகளில் காந்தி மௌனம் காத்தார். நாள்தோறும் அவ்வளவு தூரம் நடந்த மனிதருக்கும் ஓய்வு தேவைப்பட்டது.