காலாவதி: மருந்துப் பெட்டியின் மீதுள்ள ஒரு தேதியின் வரலாறு

2022 ஜனவரி 3ஆம் நாள், இந்தியாவில் 15 முதல் 18 வயது வரையிலானோருக்குக் கொரோனா தடுப்பூசி செலுத்தும் பணி தொடங்கியது. அன்றே சமூக வலைத்தளங்களில் ஒரு கேள்வி பரவிற்று. கோவாக்சின் குப்பிகள் சில, முதலில் அச்சிடப்பட்ட தேதியின்படி முந்தைய ஆண்டிலேயே காலாவதியாகியிருக்க வேண்டியவை; அவற்றின் மீது புதிய தேதி எப்படி வந்தது? காலாவதியான தடுப்பூசி போடப்படுகிறது என்னும் செய்தி தவறானது என்று சுகாதார அமைச்சகம் அன்றைய நாளிலேயே மறுத்தது. கோவாக்சினின் ஆயுட்காலத்தை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்த மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபர் 25இலேயே ஒப்புதல் வழங்கியிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 22இல் கோவிஷீல்டின் ஆயுட்காலமும் 6 மாதத்திலிருந்து 9 மாதமாக உயர்த்தப்பட்டிருந்தது.

விளக்கம் ஆவணப்படி சரியானதே. எனினும் பெற்றோரின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. அச்சிட்ட தேதியை மாற்றலாம் என்றால் அத்தேதி எதனைக் குறிக்கிறது, அதனை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்பவை நியாயமான கேள்விகள்.

விடையின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. காலம், அவதி என்னும் இரு வடசொற்களின் சேர்க்கையே காலாவதி. அவதி என்பதன் மூலப்பொருள் எல்லை. (பேச்சுத் தமிழில் அது துன்பத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதால், காலாவதி என்று கேட்ட மாத்திரத்தில் நஞ்சு போன்ற ஓர் அச்சம் எழுவது வியப்பன்று.) மருந்துக் கடைக்கு வருமுன்பே இச்சொல் நீதிமன்றத்தில் புழங்கியது. கடன் பத்திரம் காலாவதியாகிறது என்றால் கடன் பொய்யாகிவிட்டது என்று பொருளன்று. வழக்குத் தொடுத்து அதனைப் பெறும் வழி அடைபட்டுவிட்டது என்றே பொருள். மருந்தின் காலாவதியும் ஏறத்தாழ இத்தகையதே. அந்த நாளில் மருந்து மடிந்துவிடுவதில்லை. அதன் தரத்திற்குத் தயாரிப்பாளர் அளித்த உறுதிமொழி முடிந்துவிடுகிறது.

சட்டம் எல்லை வகுப்பதற்கு முன்பே இயற்கை வகுத்த எல்லையை இந்தியா அறிந்திருந்தது. எட்வர்ட் ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி 1798இல் வெளியுலகுக்கு அறிமுகமானபின், அதனைக் கடல்வழியே இந்தியாவுக்கு அனுப்பச் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. நெடும் பயணமும் வெப்பமும் அம்மைப்பாலின் வீரியத்தைக் கெடுத்தன. வியன்னாவிலிருந்து மருத்துவர் ழான் தெ கார்ரோ அனுப்பிய அம்மைப்பால் தரைவழியே பாக்தாத்தை அடைந்தது. அங்கிருந்து ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஏற்றி அதனை உயிருடன் காத்தார்கள். பாஸ்ரா வழியாக அது பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு ஏற்றப்பட்ட தடுப்பூசி பலித்தது. இந்தியத் துணைக்கண்டம் முழுமைக்கும் அம்மைப்பால் பரவியது அக்குழந்தையின் கையிலிருந்துதான். அன்று சேமிப்புக் கிடங்கு மனித உடலே. மருந்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரம். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று. நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் டபிள்யூ. ஜி. கிங் அம்மைப்பாலை லனோலின் கொழுப்பில் குழைத்து வெப்பத்தைத் தாங்கச் செய்ய முயன்றதும் இதே சிக்கலை அவிழ்ப்பதற்காகத்தான். கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தொழிற்சாலை மருந்துகள் பெருகிய காலத்தில் சிக்கல் வேறு உருவம் கொண்டது. கலப்படமும் வீரியக் குறைவும் மலிந்த சந்தையை ஆராய 1930இல் ஆர். என். சோப்ரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அறிக்கையும் வந்தது. சட்டம் வருவதற்கோ 1940 ஆயிற்று. விதிகள் 1945இல் பிறந்தன. அவ்விதிகளின் ‘ஷெட்யூல் பி’ என்னும் பட்டியல், பெயர் பெயராக மருந்துகளை அடுக்கி, ஒவ்வொன்றின் ஆயுளையும் மாதக் கணக்கில் வகுத்து, எவ்விடத்தில் வைக்கவேண்டும் என்பதையும் அருகிலேயே குறிக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குப் பொதுவாக 60 மாதங்களே உச்ச வரம்பு. காலமும் சேமிப்பு நிலையும் ஒரே வரியில் இடம்பெறுவது தற்செயலன்று. குறித்த வெப்பத்தில் வைத்தால் மட்டுமே குறித்த காலம். அப்பட்டியல் சொல்லும் ‘குளிர்ந்த இடம்’ 10 முதல் 25 பாகை செல்சியஸ் வரை. மே மாதத்தில் நாக்பூரிலோ வேலூரிலோ ஒரு சாதாரண வீட்டின் அலமாரிக்கு அப்பெயர் பொருந்தாது.

காலாவதித் தேதி எல்லைக்கோடா, வெறும் வணிக வசதியா என்னும் வினாவுக்குப் பெருமளவில் விடை தேடியது அமெரிக்க ராணுவம். அவசர காலத்திற்கென வாங்கிக் குவித்த மருந்துகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கும் செலவு தாங்காமல், 1986இல் ராணுவம் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துடன் இணைந்து ஆயுட்கால நீட்டிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006இல் வெளியான தொகுப்பு 122 மருந்துகளின் 3,005 தொகுதிகளை ஆராய்ந்தது. 88 விழுக்காட்டுத் தொகுதிகள் தேதி கடந்தும் குறைந்தது ஓராண்டு தரத்துடன் இருந்தன. சராசரி நீட்டிப்பு 66 மாதங்கள்.

அவசரத்திற்கென மருந்து சேர்த்து வைப்போர் உலகெங்கும் மேற்கோள் காட்டுவது இக்கணக்கையே. அவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அம்மருந்துகள் உறை பிரிக்கப்படாமல் வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் இருந்தவை. ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே நீட்டிப்புப் பெற்றது. ஒரே மருந்தின் இரு தொகுதிகள் கூட ஒன்றுபோல் நீடிக்கவில்லை. நீட்டிப்பு கிடைத்தது சோதித்த பெட்டிக்குத்தான், மருந்தின் பெயருக்கன்று. வீட்டில் அச்சோதனைக்கு வழியில்லை. இந்தியாவிலோ இன்னுமொரு வேடிக்கை: மருந்துக்கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள், தேதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். அந்தத் துண்டை மழைவெள்ளக் காலத்திற்கென எடுத்து வைப்பவரிடம் மருந்து இருக்கிறது, அதன் எல்லை இல்லை.

தவறினால் விளைவதும் எல்லா மருந்திலும் ஒன்றன்று. தலைவலி மாத்திரை வீரியம் குறைந்தால் தலைவலி நீடிக்கும். இன்சுலினோ நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினோ வீரியம் இழந்தால் உயிருக்கே ஆபத்து. சிதைந்த மருந்து தானே நஞ்சான நிகழ்வும் ஏட்டில் உண்டு. சிதைவுற்ற டெட்ராசைக்ளினை உட்கொண்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அன்றைய கலவையில் இருந்த சிட்ரிக் அமிலம் சிதைவை விரைவுபடுத்தியதாகக் கண்டறியப்பட்டு, பின்னர் கலவை மாற்றப்பட்டது. அத்தகைய நிகழ்வுகள் அரியவை. இருப்பினும் அரியது எது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை.

தேதியை மாற்றும் உரிமை யாருக்கு என்னும் கேள்விக்கு மற்றொரு முகமும் உண்டு. 2010இல் சென்னையில் வெளிப்பட்ட காலாவதி மருந்து மோசடியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். எறியப்பட்ட மருந்துகளைச் சேகரித்து, பழைய தேதியை அழித்துப் புதிய தேதி இட்டு மீண்டும் சந்தைக்கு அனுப்பியிருந்தார்கள். 2021இல் தடுப்பூசிக் குப்பிகளின் மீது ஒட்டப்பட்ட புதிய சீட்டும் கண்ணுக்கு ஏறத்தாழ அதே செயலாகவே தோன்றும். இடையிலுள்ள வேறுபாடு, சோதனைத் தரவும் அதனைப் படித்து ஒப்பிய ஓர் அமைப்பும்தான். இரண்டுமே குப்பியைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. சென்னைச் செய்தியைப் படித்த ஒரு சமூகம் ஒட்டுச்சீட்டைக் கண்டு அஞ்சியதில் குற்றம் காண இடமில்லை.

மலாவி இதற்கு வேறொரு விடை கண்டது. புனேவில் தயாரான கோவிஷீல்டு 1,02,000 தவணைகள், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக 2021 மார்ச் 26இல் அந்நாட்டை அடைந்தன. குப்பிகளில் இருந்த தேதி ஏப்ரல் 13. இடையில் 18 நாட்களே. பெரும்பகுதி போடப்பட்டும் 19,610 தவணைகள் எஞ்சின. இந்தியாவில் அத்தடுப்பூசிக்கு மூன்று மாத நீட்டிப்பு அதற்கு முன்பே வழங்கப்பட்டிருந்தது. ஆனால் காலாவதியான தடுப்பூசி நாட்டில் இருக்கிறது என்ற பேச்சு பரவியதும் மக்கள் மருத்துவ நிலையங்களுக்கு வருவதையே நிறுத்தத் தொடங்கினர். மே 19இல் தலைநகர் லிலோங்வேயின் மருத்துவமனை ஒன்றில், செய்தியாளர்கள் முன்னிலையில், அந்தக் குப்பிகளைச் சுகாதார அமைச்சர் எரியுலைக்குள் அனுப்பிக் கதவை மூடினார்.