ஒரு கதை, இரு முடிவுகள்

சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே கோள்மூட்டிப் பகை வளர்த்த நரியின் கதையைப் பிள்ளைகள் பலரும் அறிவர். அதற்கு இருவேறு முடிவுகள் உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

வடமொழிப் பஞ்சதந்திரம், பாரசீக மன்னர் நௌஷிர்வான் (ஆட்சி 531–579) காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அதனை எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் பெயர்த்தார். அதுவே 'கலீலா வதிம்னா'. கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்களே கலீலா, திம்னா எனத் திரிந்தன.

பஞ்சதந்திரத்தில், குற்றமற்ற எருதைச் சிங்கம் கொன்றபின் தமனகன் அமைச்சனாக வாழ்கிறான். அரசியல் தந்திரம் புகட்ட எழுந்த நூல் அவ்வளவில் நின்றுவிடுகிறது. அரபு நூலிலோ திம்னாவின் மீது விசாரணை நடைபெறுகிறது. சிங்கத்தின் தாய் உண்மையை அறிகிறாள். திம்னா நாவன்மையால் தப்ப முயல்கிறான். ஒரு சாட்சி போதாதிருக்க, இரண்டாம் சாட்சியும் வந்து சேர, அவன் சிறையிலேயே மாள்கிறான். இவ்வத்தியாயம் இப்னுல் முகஃப்பஃ சேர்த்ததே என்பர் அறிஞர் பலர்.

பெற்றோரே! இரண்டையும் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துச் சொல்லுங்கள். எது மூலம், எது வழிநூல் என்று கேட்க வேண்டா, "எருதின் உயிருக்கு யார் பொறுப்பு?" என்று கேளுங்கள். "கோளை நம்பிய சிங்கமுந்தானே!" என்று ஒரு பிள்ளையேனும் கூறும். அச்சிங்கத்தை இரு நூல்களுமே தண்டிக்கவில்லை.

திம்னாவுக்குக்கூட நீதிமன்றம் அமைத்துத் தந்த இப்னுல் முகஃப்பஃ, இளம் வயதிலேயே பஸராவின் ஆளுநரால் கொல்லப்பட்டார். அச்செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.