தாத்தாவும் சரவெடியும்

எங்க தாத்தாவுக்கு மானாவாரிக் கரிசல்ல பருத்தி. மழை பொய்த்த வருசம் சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ் வேலை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை, கூடவே ரயிலேறினவர் மாதிரி சொல்வார்.

"அப்ப நீங்க பொறக்கவே இல்லையே தாத்தா?"

"அதனாலதான்டா டிக்கெட் எடுக்கல!"

தீபாவளிக்குச் சரவெடிச் சத்தத்துக்கு ஆடுவார், அப்பத்தா திட்டும். எங்கேயாவது பட்டாசு ஆலை விபத்துன்னா மட்டும் அன்னைக்குப் பேச்சே இருக்காது.

"என்னை எடுக்கும்போது சரம் கொளுத்தணும்" என்று சொல்லிவைத்திருந்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது. அதற்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தார். அப்பா ஒற்றை வெடியாக ஒவ்வொன்றாய்க் கொளுத்தி, நடுவில் நாலு எட்டு ஆடியும்விட்டார்.

அழுதுகொண்டே அப்பத்தா திட்டுச்சு.