ஜார் ஆட்சியில் ஹசீதியரும் ரபி ஆணையமும்

யூத சமயத்தில் ரபி என்பார் பூசகர் அல்லர். மறைநூற் சட்டம் கற்று, ஐயம் தீர்த்து, வழக்குத் தீர்க்கும் ஆசான். பதினெட்டாம் நூற்றாண்டில் உக்ரைன் பகுதியில் தோன்றிய ஹசீதியம் என்னும் பக்திநெறி, அக்கல்விக்கு நிகராக உள்ளுருக்கத்தையும் போற்றியது. இத்தகைய அடியார் கூட்டம் அரசாங்கத்தின் அவையில் இடம்பெற ஏன் முயன்றது என்பது வியப்பாகத் தோன்றலாம்.

போலந்து நாடு 1772 முதல் 1795 வரை மூன்று முறை கூறுபோடப்பட்டபோது, அங்கு வாழ்ந்த பெருந்தொகையான யூதர் ரஷ்யப் பேரரசின் குடிகளாயினர். அவர்களுள் ஹசீதியருக்கும் அவர்தம் எதிர்ப்பாளரான மித்னாகிதருக்கும் பகை முற்றியிருந்தது. எதிரணியினரின் குற்றச்சாட்டால் 1798இல் லுபாவிச் மரபின் முதல்வர் ஷ்னியோர் சல்மான் சிறைப்பட்டார். மறு ஆண்டே வில்னா நகரின் யூத மன்றத்தில் ஹசீதியர் அரசின் துணைகொண்டு இடம்பிடித்தனர். ஆள்வோரின் கதவைத் தட்டும் வழக்கத்தை இருசாராரும் அன்றே கற்றுக்கொண்டனர் எனலாம். 1804ஆம் ஆண்டுச் சட்டம், ஒத்துப்போக இயலாத பிரிவினர் தமக்கெனத் தனித் தொழுகைக்கூடமும் தனி ரபியும் கொள்ள இசைவளித்தது.

அரசுக்கு வேண்டியது வேறு. 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத ஒரு ரபியைச் சமூகம் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பின்னர் அப்பதவிக்கு அரசுப் பள்ளிப் படிப்பும் கட்டாயமாயிற்று. ஊர் மக்களோ பணிவுள்ள ஒருவரைப் பெயருக்குத் தேர்ந்துவிட்டு, சமய ஐயங்களுக்குத் தாம் மதித்த ஆசானையே நாடினர். ஓர் ஊருக்கு இரு ரபிகள்! கோப்பில் ஒருவர், உள்ளத்தில் ஒருவர். அலுவலகப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். புகழ்பெற்ற எழுத்தாளர் ஷோலம் அலைக்கமும் 1880 முதல் 1883 வரை லுப்னி என்னும் ஊரில் இந்த அரசு ரபியாகப் பணிபுரிந்தவரே.

1843இல் கல்வி அமைச்சர் உவாரொவ், யூதப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகள் அமைக்க எண்ணித் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் ஆணையம் கூட்டினார். ஹசீதியர் சார்பில் ஷ்னியோர் சல்மானின் பேரர் மெனகெம் மெண்டல் ஷ்னீர்சன் வந்தார். மித்னாகிதர் சார்பில் வோலோஜின் கல்விக்கூடத் தலைவர் ரபி இட்சாக் வந்தார். பாட்டனார் காலத்துப் பகைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தனர்! ஷ்னீர்சன் உறுதியாக எதிர்த்து நின்று பலமுறை காவலில் வைக்கப்பட்டார் என்பது லுபாவிச் மரபுரை. ஆயினும் ஆணையம் திட்டத்திற்கு இசைந்தது. 1844இல் பள்ளிச் சட்டமும் பிறந்தது. அவர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியே நின்றிருந்தால் சமயக் கல்விக்காக வாதாட ஒரு குரலும் இருந்திராது.

1848இல் ஆணையம் உள்துறை அமைச்சின் கீழ்ச் சட்டப்படி நிலைபெற்றது. எனினும் எப்போதாவதுதான் கூடியது. மணவிலக்கு, பதிவேடு முதலியவற்றில் கருத்துரைக்கும் உரிமையே அதற்கு இருந்தது. இறுதிக் கூட்டம் 1910இல் நடந்தது. அதில் மெனகெம் மெண்டலின் பேரர் ஷாலோம் டோவ்பெர் ஷ்னீர்சனும், மித்னாகித அறிஞர் பிரிஸ்க் ஹயிம் சொலவெய்ச்சிக்கும் தோளோடு தோள் நின்றனர். ரபிக்குப் பொதுக்கல்வி கட்டாயம் என்னும் விதியைத் தடுப்பதே இருவர் நோக்கமும். ஹசீதியர் இந்த அவையை மதித்து இடம் தேடினர் அல்லர். அந்த இடத்தில் தம் ஆசானை அறியாத ஒருவர் அமர்ந்துவிடலாகாது என்றே தேடினர்.

இரட்டை ரபி முறை 1917ஆம் ஆண்டுப் புரட்சி வரை நீடித்தது. ஷாலோம் டோவ்பெர் 1920இல் ரோஸ்டோவ் நகரில் மறைந்தார். அரசு ரபிகள் எழுதிய பதிவேடுகளுள் பல இன்னும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பாட்டன் பெயரும் ஊரும் தேடிக் கடல்கடந்து வரும் யூதக் குடும்பத்தினர், தம் முன்னோர் மதியாத அந்த எழுத்தர்களின் கையெழுத்தையே இன்று புரட்டிப் பார்க்கின்றனர்.